சாலையில் சொட்டியது, டப்பாவில் சேர்வது

வடசென்னையை ஒட்டிய வள்ளூரில் திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை ஓரத்தில் எந்நேரமும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கண்டெய்னர் ஏற்றியவை, சாம்பல் ஏற்றியவை, காலியாகத் திரும்புகிறவை. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு லாரி நின்றுவிட்டுக் கிளம்பினால், அது எங்கே நின்றது என்று யாரிடமும் கேட்க வேண்டாம். என்ஜினுக்கு நேர் கீழே தரையில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். அதில் பாதி கேஸ்கட் கசிவு. மீதி, என்ஜின் பக்கவாட்டிலிருந்து தரையைப் பார்த்துத் தொங்கும் பிரீதர் குழாயிலிருந்து விழுந்தது. இன்று அதே ஓரத்தில் நிற்கும் பிஎஸ்-6 லாரியின் அடியில் குனிந்து பார்த்தால் தரை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கிறது.

அந்தக் குழாய் எங்கே போனது என்பதுதான் கதை. லாரிக்கு மட்டுமில்லை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடா பக்கம் சீறிப் போகும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் அதே கதைதான். என்ன, அங்கே குழாயின் முடிவில் பளபளக்கும் அலுமினிய டப்பா ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு ஆயில் கேட்ச் கேன் என்று பெயர்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு சரியாக உட்கார்ந்திருந்தாலும், மேலே வெடிக்கிற வாயுவில் கொஞ்சம் பக்கவாட்டில் நழுவிக் கீழே கிராங்கேஸுக்குள் இறங்கிவிடும். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான். கீழே சுழலும் கிராங்க் எண்ணெயை அடித்துப் பொடிப்பொடித் துளிகளாக்கி வைத்திருக்கும். இறங்கிய வாயு அந்தத் துளிகளையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நீராவியையும் சேர்த்துக்கொண்டு வெளியேற வழி தேடும். வழி கொடுக்காவிட்டால் அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிவிடும். அதனால் எந்த என்ஜினுக்கும் ஒரு மூச்சுக்குழாய் வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே துவாரத்தின் மேல் சும்மா கவிழ்த்து வைத்து ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் ஷெட்டுகளில் இன்னும் இருக்கிறது. மூடி துள்ளி விழுந்தால் செலவு பெரிது என்று அர்த்தம்.

வடசென்னைக்கு இந்தக் குழாயோடு பழைய உறவு. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைக் கோத்துக்கொண்டிருந்தது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் முழுதாகத் திரும்பியது. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா புல்லட்டைக் கோக்க ஆரம்பித்தது. 1969இல் மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஓடத் தொடங்கியபின், என்ஜின் ஆயிலுக்கு வேண்டிய அடிப்படை எண்ணெயும் இங்கேயே வடிக்கப்பட்டது. என்ஜினும் அதற்குள் ஊற்றும் எண்ணெயும் ஒரே பஸ் ரூட்டில் தயாராகின.

புல்லட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒற்றைச் சிலிண்டர். பெரிய பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்கேஸில் இருக்கிற காற்று நசுங்குகிறது. ஏறும்போது அங்கே வெற்றிடம் உண்டாகிறது. காற்று வெளியே போகலாம், திரும்ப உள்ளே வரக் கூடாது. அதற்காகப் பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட்டுகளில் பிரீதர் குழாயோடு, இரண்டு ரப்பர் உதடுகள் ஒட்டிய ஒருவழி வால்வு ஒன்று இருந்தது. காசுக்குப் பெறாத சாமான். வெயிலிலும் எண்ணெயிலும் அந்த ரப்பர் விறைத்துப் போனால் புல்லட் கண்ட இடத்தில் ஆயில் கக்கும். நல்ல என்ஜினைப் பிரித்து ரிங் மாற்றிய எத்தனையோ பேருக்கு உண்மையில் மாற்ற வேண்டியிருந்தது அந்த ரப்பரைத்தான். பின்னாளைய இரும்பு புல்லட்டுகளில் கம்பெனியே ஒரு சின்னத் தகர டப்பாவையும் வைத்தது. மூச்சுக் காற்று அதில் புகுந்து, எண்ணெய் அடியில் தங்கி என்ஜினுக்குத் திரும்ப, காற்று மட்டும் ஃபில்டர் பக்கம் போகும். கார்க்காரர்கள் இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆன்லைனில் வாங்கும் சமாச்சாரம், திருவொற்றியூரிலிருந்து வண்டியோடு சேர்ந்தே வந்தது. வேடிக்கை என்னவென்றால், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயை நீட்டிப் பின்சக்கரத்துப் பக்கம் விட்டவர்கள் ஏராளம்.

காருக்கு வருவோம். வள்ளூரிலிருந்து மேற்கே, மீஞ்சூரைத் தாண்டிப் போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1980களின் கடைசிவரை கார், பைக் பந்தயங்களை நடத்தியது அந்த ஓடுதளத்தில்தான். ஜமீன், சமஸ்தானப் பணக்காரர்கள் கொண்டுவந்த இறக்குமதிக் கார்கள் ஒரு பக்கம். உள்நாட்டில் தயாரான ஹெரால்டையும் ஃபியட்டையும் அம்பாசடரையும் பிரித்து மேய்ந்து ‘ட்யூன்’ பண்ணிக்கொண்டு வந்தவர்கள் மறு பக்கம். கோயம்புத்தூர் கரிவரதன் இந்த இரண்டாம் கூட்டத்தின் மூளை. பின்னால் 1988இல் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரைக் கொண்டுவந்தவர் அவர்தான். நரேன் கார்த்திகேயன் ஓட்டப் பழகிய வகுப்பு அது.

தெருவில் ஓட்டும் என்ஜினைப் பந்தயத்துக்குத் தயார் செய்தால் முதலில் கெடுவது மூச்சுதான். கம்ப்ரஷனைக் கூட்டி, தெருவில் ஒருநாளும் தொடாத ஆர்.பி.எம்.மில் மணிக்கணக்காக ஓட்டும்போது ரிங் வழியே இறங்கும் வாயு பல மடங்காகும். வளைவில் வண்டியைத் திருப்பும்போது சம்ப்பில் இருக்கும் எண்ணெய் மொத்தமும் ஒரு பக்கம் ஏறும். பிரீதர் வாய் அந்தப் பக்கம் இருந்தால் ஆவி மட்டுமல்ல, எண்ணெயே கொப்பளித்து வரும். அது சொந்த டயரிலோ, பின்னால் வருகிறவரின் பாதையிலோ விழும். கான்கிரீட் ஓடுதளத்தில் எண்ணெய் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இதனால்தான் சர்வதேச மோட்டார் பந்தய விதிகளில் எண்ணெய் சேகரிக்கும் தொட்டி கட்டாயமானது. பிரீதர் திறந்த வகையாக இருந்தால் அது ஒரு தொட்டியில்தான் போய் முடிய வேண்டும். 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும், அல்லது கண்ணாடி போன்ற சாளரம் வைத்திருக்க வேண்டும்.

எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தை கிடையாது. பாதை வழுக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்று கேட்ச் கேன் விற்கிறவர்கள் சொல்லும் கதைக்கும் டப்பாவின் பூர்வீகத்துக்கும் இவ்வளவு தூரம்.

தெருக் கார்களில் குழாயின் வாயை அடைத்தது கலிஃபோர்னியாவின் புகைமூட்டம். காரின் பின்குழாய்ப் புகையை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், எரியாத பெட்ரோல் ஆவியில் ஒரு கணிசமான பங்கு இந்த மூச்சுக்குழாய் வழியே வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். 1961 மாடல் முதல் அங்கே விற்ற அமெரிக்கக் கார்களில் பிசிவி வால்வு வந்தது. கிராங்கேஸ் காற்றை வெளியே விடாமல் இன்டேக் மேனிஃபோல்டுக்கே திருப்பி, மறுபடி எரித்துவிடும் ஏற்பாடு. அறுபதுகளுக்குள் உலகம் முழுக்கப் பரவ ஆரம்பித்தது. இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் விதிகளிலும் பெட்ரோல் காரின் கிராங்கேஸ் ஆவி துளியும் வெளியேறக் கூடாது.

சுத்தமான யோசனை. ஒரே குறை, ஆவியோடு எண்ணெயும் இன்டேக்குக்குப் போகும். கார்புரேட்டர் காலத்திலும், பிறகு மேனிஃபோல்டில் பெட்ரோல் பீய்ச்சிய காலத்திலும் இது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இன்டேக் வால்வின் முதுகில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைப் பெட்ரோலே ஒவ்வொரு சுற்றிலும் கழுவிவிட்டது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வந்ததும் கணக்கு மாறியது. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது, வால்வின் முதுகைத் தொடுவதேயில்லை. அங்கே படியும் எண்ணெய் சூட்டில் வெந்து கரியாகிக் கெட்டிப்படுகிறது. டர்போவும் சேர்ந்தால் சிலிண்டரில் அழுத்தம் கூடுகிறது, பேக் கம்ப்ரஷன் கூடுகிறது, இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் மினுக்குகிறது. கரி முற்றிப்போனால் மேனிஃபோல்டைக் கழற்றி, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றில் அடித்துச் சுரண்ட வேண்டும். வால்வு கீறாமல் கரி மட்டும் உதிர்வதற்கு உலோகத்தைவிட அந்த ஓடுதான் தோதாக இருக்கிறதாம்.

இந்தக் கரிக்குப் பயந்துதான் கேட்ச் கேன் பந்தயத் தளத்திலிருந்து அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கு வந்தது. நம் பக்கத்தில் அதற்கான கார்களுக்கும் குறைவில்லை. ஃபோக்ஸ்வேகன் போலோ டிஎஸ்ஐ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். சோழவரத்துக்குப் பிறகு கிளப் தன் பந்தயத் தளத்தை 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாற்றிக்கொண்டது. பின்னால் அதே பகுதியில் எழுந்த ஹூண்டாய் ஆலையிலிருந்து 2021இல் ஐ20 என் லைன் வந்தது. ஒரு லிட்டர் டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன், 120 பிஎஸ். வள்ளூர்க்காரர்களுக்குப் புதுக் கார் அதிசயமில்லை. 2001இல் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவென்று தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், 2010இல் நிசான் கார்களைக் கப்பலேற்ற ஆரம்பித்தது. அந்தத் துறைமுகத்தின் தபால் முகவரி வள்ளூர் அஞ்சல்தான். கார் ஏற்றிய நீளமான டிரெய்லர்கள் நிலக்கரித் தூசுக்குள் புகுந்து போவதை இங்கே யாரும் தலைதூக்கிப் பார்ப்பதுகூட இல்லை.

அப்படி ஒரு ஐ20 டர்போ ஹேட்ச்பேக்கை ஓட்டிவரும் பையன் ஒருவனையும், லேலண்ட் லாரியிலேயே கை பழகிய மெக்கானிக் ஒருவரையும் ஒரு ஷெட்டில் பேசவிட்டுக் கேட்டேன். பையன் ஆன்லைனில் வாங்கிய டப்பாவை நீட்டினான். சிவப்பு அனோடைஸ், மேலே இரண்டு நிப்பிள், பக்கத்தில் அளவு பார்க்கும் குழாய். அண்ணன் மூடியைத் திருகி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். “உள்ள ஒண்ணுமே இல்லையே தம்பி. வெறும் டப்பா. காத்து இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும்.” “எல்லாரும் இதைத்தாண்ணே போடறாங்க.” “எல்லாரும் போட்டா எண்ணெய் நின்னுடுமா?”

அவர் சொன்னதில் முழுப் பொறியியலும் இருக்கிறது. மிதந்து வரும் எண்ணெய்த் துளி மிக நுண்ணியது. அது எதிலாவது மோத வேண்டும், குளிர வேண்டும், ஒன்றோடொன்று சேர்ந்து கனக்க வேண்டும்; அப்போதுதான் அடியில் விழும். அதற்காக நல்ல கேனுக்குள் தடுப்புத் தகடுகளும் நெருக்கமான கம்பி வலையும் இருக்கும்; காற்று வளைந்து நெளிந்து, வேகம் குறைந்து போக இடமும் இருக்கும். காலி டப்பா பெரும்பகுதியை அப்படியே கடத்திவிடும். டப்பாவை எங்கே மாட்டுவது என்பதும் அதே அளவு முக்கியம். டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் பக்கத்தில், கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று மாட்டினால் உள்ளே குளிர்வது எப்படி? சென்னை வெயிலில் பானெட்டுக்குள் ஏற்கெனவே அடுப்பு. காற்று நேராகப் படும் முன்பக்கம்தான் இடம்.

அடுத்தது ஹோஸ். இன்டேக் பக்கம் வெற்றிடம் இழுக்கும். மெத்தென்ற சாதாரண ரப்பர் குழாய் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் மூச்சு அடைபட்டுக் கிராங்க் சீல் வாய் திறக்கும். எண்ணெயை மிச்சம் பிடிக்கப் போட்ட டப்பாவால் எண்ணெய் தரையில் ஊற்றிய வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. கிளாம்ப் சரியாக இறுகாவிட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போய், ஐட்லிங் ஏறி இறங்கி, செக் என்ஜின் விளக்கு எரியும். டர்போ காரில் மூச்சுக்கு இரண்டு பாதை வேறு. மெதுவாக ஓட்டும்போது பிசிவி வழியே மேனிஃபோல்டுக்கு. டர்போ அழுத்தம் ஏறியதும் அந்த வழி மூடி, வால்வு கவரிலிருந்து டர்போவின் வாய்க்கு. ஒரே பாதையில் டப்பா மாட்டிவிட்டு, விரட்டி ஓட்டும் நேரத்து எண்ணெயை அப்படியே தப்பவிடுகிறவர்கள் அதிகம்.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்தால் எண்ணெய்ச் செலவு குறையுமா? இங்கேதான் எனக்கு விற்பனைக்காரர்களோடு சண்டை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர்வரை எண்ணெய் குறைவது இயல்பு என்று கையேட்டிலேயே எழுதும் கம்பெனிகள் உண்டு. உங்கள் கார் அந்தக் கணக்கில் குடிக்கிறது என்று வையுங்கள்; ஐயாயிரம் கிலோமீட்டரில் இரண்டரை லிட்டர். டப்பாவைத் திறந்தால் அரை டம்ளர் இருக்கிறது. மீதி எங்கே போனது? ரிங் வழியே, வால்வு சீல் வழியே, டர்போ சீல் வழியே எரிந்து போனது. அதற்கு டப்பா மருந்தில்லை. இன்னொன்று, டப்பாவில் சேர்ந்த அந்த அரை டம்ளரும் சம்ப்பிலிருந்து போனதுதானே? கொட்டிவிட்டால் அதுவும் செலவுதான். எண்ணெய் வால்வுக்குப் போய்க் கரியாகவில்லை என்பதுதான் லாபம், அது சின்ன லாபம் இல்லை. எண்ணெயைப் பிரித்துச் சம்ப்புக்கே திருப்பிவிடும் ஏற்பாடு இருந்தால்தான் செலவு உண்மையில் குறையும். போர்ஷே, பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் ஆலையே அப்படிப்பட்ட பிரிப்பானை உள்ளே வைத்து அனுப்புகிறது. அதன் சவ்வு கிழிந்தால் பின்னால் வெள்ளைப் புகை மேகமாகக் கிளம்பும். பழைய புல்லட்டின் தகர டப்பா செய்ததும் அந்தத் திருப்பும் வேலையைத்தான், கொஞ்சம் முரட்டுத்தனமாக. டிப் ஸ்டிக்கில் அளவு மளமளவென்று இறங்கினால் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும், பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு டப்பா அதற்கு அப்புறம்.

பந்தய உலகம் இதற்குள் இன்னொரு குட்டிக்கரணம் போட்டுவிட்டது. ஃபார்முலா 1இல் எரிபொருள் அளவுக்குக் கட்டுப்பாடு வந்ததும், பிரீதர் வழியே எண்ணெயை வேண்டுமென்றே சிலிண்டருக்கு அனுப்பி எரித்துச் சக்தி எடுக்கிறார்கள் என்று சந்தேகம் கிளம்பியது. 100 கிலோமீட்டருக்கு இத்தனை எண்ணெய்தான் குறையலாம் என்று 2018இல் 0.6 லிட்டராகவும், 2020இல் 0.3 லிட்டராகவும் வரம்பை இறுக்கினார்கள். ஹெரால்டுக்காரர்கள் ஒழுகிவிடுமோ என்று பயந்த எண்ணெயைப் பிற்காலத்தில் திருட்டுத்தனமாகக் குடித்தார்களோ என்று அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1இல் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் ஃபார்முலா 4 கார்கள் ஓடியபோது, வேடிக்கை பார்த்தவர்களில் சோழவரத்தை நினைத்தவர்கள் எத்தனை பேரோ.

தெருக் காரில் டப்பா மாட்டுகிறவர்கள் சட்டத்தையும் நினைக்க வேண்டும். காற்றை மேனிஃபோல்டுக்குத் திருப்பாமல், டப்பாவின் தலையில் குட்டி ஃபில்டர் வைத்து வெளியே விடும் வகை ஒன்று விற்கிறது. வால்வு சுத்தமாகத்தான் இருக்கும். கலிஃபோர்னியா அறுபதுகளில் அடைத்த வாயை நீங்கள் திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சிக்னலில் நின்றால் கேபினுக்குள் நாறுவது உபரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாரன்டி கேட்டுப் போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் கண்ணில் படுவதும் அந்தச் சிவப்பு டப்பாவாகத்தான் இருக்கும்.

பழைய ஒழுகலை நினைத்து ஏங்குகிறவன் இல்லை நான். சாலையில் சொட்டியது சாலையிலேயே இருந்துவிடவில்லை. மழை அதைக் கழுவி வாய்க்காலுக்கும், கொசஸ்தலையாற்றுக்கும், எண்ணூர் முகத்துவாரத்துக்கும் கொண்டுபோனது. எண்ணெய் தண்ணீரில் சேர்ந்தால் என்னவென்று இந்தப் பக்கத்துக்கு நன்றாகத் தெரியும். 2017 ஜனவரி 28இல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியில்தான் அள்ளினார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கால்வாய் வழியே இறங்கியபோது, மீனவர்கள் படகில் போய் மொண்டெடுத்தார்கள். வலையெல்லாம் வீணானது.

ஆனால் டப்பாவில் சேர்ந்ததும் எங்கேயோ போயாக வேண்டும். திறந்தால் பால் அதிகம் விட்ட காபி நிறத்தில் இருக்கிறது. எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் கலவை. மழைக்காலத்தில், குட்டிக் குட்டி தூரம் ஓடும் வண்டிகளில் தண்ணீர் பங்கு கூடும். அதை மறுபடி என்ஜினில் ஊற்ற முடியாது. கழிவு எண்ணெய் அபாயக் கழிவு என்கிறது 2016 விதி. 2024 ஏப்ரல் முதல், விற்ற எண்ணெயில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பும் தயாரிப்பாளர்கள் தலையில் வந்திருக்கிறது. பையன் தன் பழைய டப்பாவில் சேர்ந்திருந்ததை காலி கூலன்ட் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தான். அண்ணன் அதை வாங்கி ஷெட் மூலையில் இருந்த டிரம்மில் கவிழ்த்தார். லாரி, பைக், கார் எல்லாவற்றின் கழிவும் அதில்தான். யார் வந்து எடுப்பார்கள் என்று கேட்டேன். “சென்ட்ரிங் வேலைக்காரங்க கேன் எடுத்துட்டு வருவாங்க சார், பலகைக்குத் தடவ” என்றார். புது ஐ20யின் பானெட் இன்னும் திறந்தே இருந்தது. தடுப்புத் தகடு வைத்த டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வரச்சொல்லி, அவர் லாரிப் பக்கம் போய்விட்டார்.